விதைக்கு மூச்சு முட்டிய மார்கழி

நனைத்த விதைநெல் மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்தவர்கள் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். ஒரு நாள் முழுக்க டிரம்மில் ஊறி, தண்ணீர் வடிந்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடிய நெல். மறுநாள் உள்ளே கை நுழைத்தால் வெதுவெதுவென்று இருக்கும், தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தடி மாதிரி. பச்சையும் மண்ணும் கலந்த ஒரு வாசனை கையோடு ஒட்டிக்கொண்டு வரும். அடுப்பு இல்லை, வெயில் இல்லை, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று நாம் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். கேட்டதோடு விட்டிருக்கலாம்.

ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க ரயில்வே கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தங்கை பிறந்தாள். எட்டாம் மாதத்தில், தூங்கப் போட்டவள் எழுந்திருக்கவே இல்லை. மாந்தம் என்றார்கள். காலையில் அவளை முதலில் தொட்டது நான்தான். அதற்கப்புறம் தம்பி பிறந்தபோது, அவன் தூளியில் தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அம்மா திட்டுவாள். "சும்மா தூங்கறவன எழுப்பி உட்டுட்டு நீ போயிடுவ, அப்புறம் நான் ஆட்டணும்!"

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவாலங்காடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் ஊர். ஏரிப் பாசனத்தில் முக்கால் ஏக்கர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா, அம்மா, நான், ஆறு மாதத் தம்பி. அந்த வருஷம் அத்தையும் எங்களோடு இருந்தாள். நைனாவின் தங்கை. அவளைப் பொன்னேரிக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று மாமா இன்னொருத்தியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். ஆடி மாதத்தில் ஒரு துணிப்பையோடு வாசலில் வந்து நின்ற அத்தையை நைனா ஒன்றும் கேட்கவில்லை. "இருக்கற வரைக்கும் இரு" என்றார்.

அதில் எத்தனை நாள் என்று இல்லை. அத்தை அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் இருந்தாள். விடியும் முன்னே எழுந்து சாணம் தெளிப்பாள், தண்ணீர் சேந்துவாள், தம்பியை இடுப்பைவிட்டு இறக்க மாட்டாள். தன் ஒரு வாய்ச் சோற்றுக்கு மேலாக வேலை செய்துகொண்டே இருந்தாள் என்பது இப்போது புரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது, வீட்டில் சிரிக்கிற ஆள் ஒன்று வந்திருக்கிறது என்பது மட்டும்தான்.

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள் அவள். ஆனால் சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே என்னைக் கிண்டிக் கிண்டிக் கேட்பாள்.

"இன்னிக்கி இன்னாடி சொல்லிக் குடுத்தாரு உங்க வாத்தி?"

"இலை வெயில்லேருந்து சோறு ஆக்குமாம் அத்தை. தண்ணியும் காத்தும் இருந்தா போதுமாம். ஆக்கி முடிச்சிட்டு நல்ல காத்த வெளிய உடுமாம்."

"வெயில்லேருந்தா? அப்ப நான் தெனம் ஏரிக்கரை மேல நடக்கறனே, எனக்கு ஏன் பசிக்குது?"

"நீ இன்னா பச்சையாவா கீற?"

அவள் தன் கறுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தம்பியும் சிரித்தான்.

மார்கழியில் நவரைப் பட்டத்துக்கு நாற்று விட வேண்டும். நைனா அந்த வருஷம் விவசாய டிப்போவில் அலைந்து அரை மூட்டை புது ரக விதை வாங்கி வந்திருந்தார். அதை நம்பி வீட்டில் இருந்த பழைய விதையை எல்லாம் குத்தித் தின்றாகிவிட்டது. பனி அதிகம் என்பதால், வடித்துக் கட்டிய மூட்டையை வெளியே வைக்காமல் வீட்டுக்குள் மூலையில், வைக்கோல் பரப்பி அதன்மேல் வைத்தார். அதற்கு இரண்டு முழம் தள்ளித் தம்பியின் தூளி. காலையும் மாலையும் மூட்டைக்குத் தண்ணீர் தெளித்து, அவிழ்த்துக் கிளறிவிடுவது என் வேலை. நைனாவும் அம்மாவும் நாற்றங்காலை மட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏரித் தண்ணீரில் எங்கள் முறை இரண்டே நாள்.

இதில் இன்னொரு சட்டமும் இருந்தது. விதை மூட்டை வீட்டுக்குள் இருக்கும்வரை, வீட்டுக்குத் தூரமான பொம்பளை வாசற்படி ஏறக்கூடாது. தொட்டால் முளை கருகிவிடும் என்பார்கள். அத்தை அந்த நேரம் பார்த்துத் தூரமாகி, பின்னால் மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கியிருந்தாள்.

மூட்டை கட்டிய அன்றைக்குத்தான் அறிவியல் சார் ஒரு கண்ணாடிப் புட்டியோடு வகுப்புக்கு வந்தார். முந்தின நாள் அதில் ஒரு கைப்பிடி முளைவிட்ட பச்சைப்பயறைப் போட்டு இறுக்கி மூடி வைத்திருந்தார். மூடியைத் திறந்து, எரிகிற குச்சியை உள்ளே இறக்கினார். யாரும் ஊதாமலே பொசுக்கென்று அணைந்தது.

"மந்திரம் சார்!" என்றான் பின்பெஞ்சுக்காரன்.

"மந்திரம் இல்லடா, மாங்கா. உள்ள இருந்த நல்ல காத்தப் பயிறு இஸ்துக்கிச்சி. மூச்சு உட்டு உட்டுக் கெட்ட காத்தா ஆக்கி வச்சிருக்கு."

நான் எழுந்து, "செடி நல்ல காத்து உடும்னீங்களே சார்?" என்றேன்.

"அது இலை பண்ற வேலை, அதுவும் வெயில் இருந்தாத்தான். விதைக்கு ஏதும்மா இலை? இலை வர்ற வரைக்கும் தாய்ச்செடி உள்ள கட்டி வச்ச சோத்தத் தின்னுக்கினு, நம்மள மாதிரி மூச்சு உட்டுக்கினு கெடக்கும். அதான் மொளைக்கற விதை சுடுது. நீ சோறு தின்னா உன் ஒடம்பு சுடல?"

"சார், அந்தப் புட்டிக்குள்ள ஒரு எலியப் புட்ச்சி உட்டா இன்னா ஆவும்?" பின்பெஞ்சுக்காரன்தான் கேட்டான்.

"செத்துப்பூடும். ஒக்காரு."

மணி அடித்துவிட்டது. வகுப்பு சிரித்துக்கொண்டே கலைந்தது. நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கைப்பிடிப் பயறு ஒரு நெருப்பை அணைக்கிறது. எங்கள் வீட்டில் அரை மூட்டை. பனிக்குப் பயந்து ஜன்னலைக்கூடச் சாக்கு வைத்து அடைத்திருக்கிறோம். இரண்டு முழத்தில் தூளி.

விதைநெல் மூட்டை இருந்த வீட்டில் நம் பாட்டன் காலத்திலிருந்து குழந்தைகள் தூங்கித்தான் வளர்ந்திருக்கின்றன. கூரை இடுக்கு வழியாகக் காற்று போய்வரும் வீடு, புட்டி இல்லை. இதெல்லாம் இப்போது சொல்ல வருகிறது. அன்றைக்கு என் கண்ணுக்கு முன்னால் இருந்தது, காலையில் சில்லென்று கிடந்த தங்கை.

அம்மாவிடம் சொன்னால், "இதக் கத்துக்கத்தான் ஸ்கூலுக்குப் போறியா?" என்பாள். அத்தையிடம் சொல்லியிருக்கலாம். கொட்டகைப் பக்கம் போனால் தலைக்குக் குளிக்கச் சொல்வார்கள், குளிர் வேறு. போகவில்லை. எத்தனையோ நாள் பாடம் ஒப்பித்தேன், அந்த ஒரு நாள் ஒப்பிக்கவில்லை.

யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறைகளை, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள நைனா மடித்து வைத்திருப்பார். மூன்றை எடுத்தேன். பக்கவாட்டில் கிழித்து விரித்து, மூட்டையைச் சுற்றிப் போர்த்தி, அடியில் செருகி, சணல் கயிறால் வரிந்து வரிந்து கட்டினேன். கெட்ட காற்று ஒரு பொட்டுகூட வெளியே வரக்கூடாது. மேலே பழையபடி வைக்கோலை அள்ளிப் போட்டேன். அன்றைக்குத்தான் தம்பியின் மூக்கில் விரல் வைக்காமல் தூங்கினேன்.

காலையில் நைனா மண்வெட்டியோடு புறப்படும்போது கேட்டார். "தண்ணி தெளிச்சியா? கெளறி உட்டியா?"

"உட்டேன் நைனா."

அன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை. மத்தியானம் நான் கிணற்றடிக்குப் போயிருந்தேன். அங்கே இரண்டு பெண்கள் பேச்சுக் கொடுத்ததில் நேரமாகிவிட்டது. குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால், அத்தை உள்ளே நிற்கிறாள். தோளில் தம்பி, அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருக்கிறான்.

"எங்கடி போய்ட்ட? நானும் அங்கேருந்து கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தேன். கத்திக் கத்திக் கொயந்தைக்கு நீலம் பாரிச்சிடுச்சி. மனசு கேக்கல, வந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "இவனத் தூக்கும்போது தடுக்கி, இந்த மூட்டைமேல கைய ஊனிட்டேன். யார்கிட்டயும் சொல்லிக்காத. ஆனா இது இன்னாடி, ஜொரம் கண்ட ஒடம்பு மாரி கொதிக்குது? வைக்கலுக்கு மேலயே சுடுதே! ஒடனே அவுத்து ஆத்தி உடு. நான் தொடக்கூடாது."

தம்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள். பக்கத்து வீட்டுப் பின்கட்டில் பெரியம்மா, நைனாவின் அண்ணன் மனைவி, விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் உடனே அவிழ்க்கவில்லை. இதைத்தான் நான் யாரிடமும் சொல்ல முடியாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். அவிழ்த்தால் உள்ளே அடைத்து வைத்த கெட்ட காற்று மொத்தமும் தம்பி மேல் பாயுமே என்று பயந்தேன். அம்மா வந்து அவனைத் தெருப்பக்கம் தூக்கிக்கொண்டு போகும்வரை மூட்டையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்துதான் கயிற்றை அறுத்தேன். சூடான ஆவி முகத்தில் அடித்தது. புளித்த கள்ளின் வாடை.

பிளாஸ்டிக்கை வெந்நீர் அடுப்பில் திணித்தேன். அது சுருண்டு, உருகி, சொட்டுச் சொட்டாக 'ஜிவ் ஜிவ்' என்று எரிந்து விழுந்தது. அந்தச் சத்தம் யாருக்காவது கேட்டுவிடுமோ என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு குடம் தண்ணீரை மூட்டைமேல் ஊற்றி வைக்கோலை மூடினேன்.

விடிந்ததும் நைனா மூட்டையை முற்றத்துக்குத் தூக்கிவந்து அவிழ்த்தார். "யாருடா ஊட்டுக்குள்ள கள்ளு எறக்கனது?" என்று தமாஷாகத்தான் ஆரம்பித்தார். கையை உள்ளே விட்டார். கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது நெல். எட்டிப் பார்த்த முளையெல்லாம் பழுப்பாகி இருந்தது. ஒரு நெல்லை நகத்தால் நசுக்கினார், இன்னொன்றை நசுக்கினார், பத்து இருபது நசுக்கியிருப்பார். பிறகு மூட்டை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நைனா கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தார். மூட்டையைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார்.

"நேத்து மத்தியானம் உள்ளேருந்து வந்தாளே உன் தங்கச்சி. என் ரெண்டு கண்ணால பாத்தேன். தூரத்துல இருக்கறவளுக்கு வெதை மூட்டை கிட்ட இன்னா வேலை?"

அத்தை கொட்டகை வாசலில் நின்றபடியே சொன்னாள். "கொயந்த அழுதுச்சிண்ணா. யாரும் இல்ல. தூக்கப் போனேன். கை பட்டுடுச்சி. ஆமா, பட்டுச்சி. ஆனா அப்பவே அது கொதிச்சிக்கினு இருந்துச்சி. அவுத்து உடுன்னு இவகிட்டகூடச் சொன்னேனே!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாடி, சொன்னாளா?" என்றாள் அம்மா.

நாற்றங்கால் கண்ணாடி மாதிரி மட்டம் கட்டித் தயாராக இருக்கிறது. தண்ணீர் முறை நாளையோடு முடிகிறது. வீட்டில் வேறு விதை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். சொன்னாள் என்றால், ஏன் அவிழ்க்கவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் வரும்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஏதோ கணக்குத் தப்பிவிட்ட மாதிரி பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள், அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பொறந்த ஊடும் வாணாம், பூந்த ஊடும் வாணாம்னா, எங்கதான் போவா? இவ வந்த நேரம்..." என்று பெரியம்மா இழுத்தார். நைனா அவர் பேச்சைத் தடுக்கவில்லை. அம்மாவும் தடுக்கவில்லை. அம்மாவுக்கு அத்தை இருந்தால் பாதி வேலை குறையும், ஆனாலும் விதை போன வீட்டில் வாய் திறக்க அவளுக்குப் பயம். எங்கள் வீட்டில் பயம் என் ஒருத்திக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

மூன்றாம் நாள் அத்தை தலைக்குக் குளித்தாள். நான்காம் நாள் நைனா அவளைப் பொன்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். புறப்படும்போது அத்தை தம்பியைத் தூக்கவில்லை. தூளிக்கு அந்தப் பக்கமாக நின்றே பார்த்தாள். நல்ல கை உள்ளவர்கள் தொடட்டும் என்று நினைத்திருக்கிறாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. என்னிடம் வந்து, வழக்கம்போல, "அப்புறம் இன்னாடி சொல்லிக் குடுத்தாரு உங்க வாத்தி?" என்றாள். நான் பின்பக்கம் ஓடிவிட்டேன்.

யாரிடமோ கேட்டு வாங்கிய நாட்டு விதையை நைனா தாமதமாக விட்டார். பயிர் கடைசித் தண்ணீருக்குத் தவித்துப் பாதி பதராயிற்று. அம்மா கூலி நடவுக்குப் போக வேண்டியதாயிற்று. தம்பியைப் பார்த்துக்கொள்ள அத்தை இல்லை, அதனால் என் படிப்பு நின்றது. நான் அழவில்லை. எனக்கு வர வேண்டியதுதான் என்று பேசாமல் இருந்தேன். சார் ஒரு நாள் வீட்டுப் பக்கம் வந்து விசாரித்தபோதும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது கும்மிடிப்பூண்டிக்கு. வீட்டுக்காரருக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. சென்னைப் பக்கம் ரயிலில் போனால் பொன்னேரியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்டேஷன் நெருங்கும்போது, அத்தை ஏறிவிடுவாளோ என்று, தலையில் முக்காடு போட்டுத் தூங்குகிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். எத்தனை வருஷம் அப்படி.

அப்போதெல்லாம் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. ஒருவேளை அத்தை கை பட்டதால்தானோ என்னவோ, பெரியவர்கள் சும்மாவா சொல்வார்கள் என்று. மகள் ஒன்பதாவது படிக்கும்போது அதுவும் போயிற்று. பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும், கிடைக்காவிட்டால் உள்ளிருக்கும் சர்க்கரை சாராயமாக மாறும், சக்தி கொஞ்சம்தான் கிடைக்கும் என்று. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"அப்படியே மூடி வச்சா விதை இன்னாம்மா ஆகும்?"

"செத்துடும். சாராயமும் சூடும் சேந்தா எது பொழைக்கும்? ஏம்மா கேக்கற?"

"சும்மாத்தான்."

தம்பி பிழைத்துக் கிடக்க வேண்டுமே என்று அத்தனை விதையையும் மூச்சு முட்டக் கொன்றிருக்கிறேன். அதில் அத்தையின் கைக்கு வேலையே இல்லை. தெரிந்த பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. நைனா போனார். பெரியம்மா போனார். அம்மா போனாள். ஒவ்வொரு சாவிலும் அத்தை வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

போன மாதம், தம்பி மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க நான் அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா இப்போது உயிரோடு இல்லை. அந்த இன்னொருத்தியும் இல்லை. அவள் பெற்ற மகனும் மருமகளும்தான் அத்தைக்குச் சோறு போடுகிறார்கள். வாசலில் மருமகள் அவரை விதை ஊன்றிக்கொண்டிருந்தாள். அத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

மருமகள் சிரித்தாள். "வெதைன்னா போதும், அத்தை அந்தாண்ட போயிடுவாங்க. நான் வந்த நாளா ஒரு மொளகா வெதைகூடத் தொட்டுப் பாத்ததில்ல. கேட்டா, 'என் கை ஆவாதும்மா'ன்னுவாங்க."

எனக்கு உட்கார முடியவில்லை. மருமகள் உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். புட்டி, எலி, பிளாஸ்டிக், வெந்நீர் அடுப்பு, எல்லாம். அத்தை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எதுக்குக் கட்டின?"

"தம்பி செத்துடுவான்னு பயந்து."

"என்னண்ட கேக்கறதுக்கு இன்னா?"

"நீ தூரமா இருந்த அத்தை."

அத்தை வலது கையை மடியில் விரித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீ தெரியாதுன்னு சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். சின்னப் புள்ள, பயந்துடுச்சின்னு உட்டுட்டேன். ஆனா நெல்லு செத்தது என் கையாலதான்னு இருந்தேன்டி. உள்ள கீறாளே, இவ புருசன் கொயந்தையா இருந்தப்போ, வாரி எடுக்கக்கூட யோசிப்பேன்."

"அத்தை..."

"உங்க நைனா இருக்கச்சே சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"உங்க பெரியம்மா இருக்கச்சே."

"ஆமா அத்தை."

"இப்ப யாரு கீறாங்க, போயி சொல்றதுக்கு?"

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எழுதறேன் அத்தை. நம்ம வயசு ஆளுங்க படிக்கற பத்திரிகை ஒண்ணுக்கு எழுதி அனுப்பறேன்" என்றேன்.

"எழுது" என்றாள். "என் பேரப் போடாத. அது அன்னிக்கே ஊரெல்லாம் போயாச்சி. உன் பேரப் போடு."

எழுதிவிட்டேன். கீழே பெயரை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் அடித்துவிட்டேன். தையில் தம்பி மகன் கல்யாணம். பெண் வீட்டார் படித்தால் என்ன நினைப்பார்களோ. தம்பி என்ன நினைப்பானோ. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. யாராவது இதைப் படித்துக் காட்டினால், முழுசையும் கேட்டுவிட்டு, அடியில் இன்னா பேரு போட்டிருக்கு என்றுதான் கேட்பாள்.